இறங்க வழியில்லாத துறை

தில்லைமேட்டுப் படகுத்துறைக்கு இருபத்திரண்டு கால்கள். அத்தனைக்கும் கம்பி கட்டியது நானும் என் செட்டு ஆட்கள் மூன்று பேரும். ஒவ்வொரு காலும் சேற்றைத் தாண்டி, மணலைத் தாண்டி, கெட்டிக் களியில் போய் உட்கார்ந்திருக்கிறது. புயலில் ஊர் போனாலும் அது போகாது. அவ்வளவு உறுதியாக, யாருக்கும் உதவாத ஒன்றைக் கட்டி வைத்தோம். அதற்காக அம்சம் அக்கா பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

தில்லைமேடு முத்துப்பேட்டைக்குத் தெற்கே, ஆறு காயலில் விழும் இடத்தில் இருக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர், வழியில் உள்ள வயல்களெல்லாம் குடித்தது போக மிச்சம் இருந்தால், கடைசியாக வந்து சேரும் ஊர். நாற்பது வீடு, பதினெட்டு வள்ளம். அம்சம் அக்காவின் வீட்டுக்காரர் செல்லதுரைக்கு அதில் ஒரு வள்ளம்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பிறந்தது திருத்துறைப்பூண்டிப் பக்கம், கூலிக்கு நடவு நடுகிற குடும்பம். பன்னிரண்டு வயதில் நாற்று முடியைக் கையில் பிடித்தவள். செல்லதுரை வீட்டிலும் முதலில் வயல் வேலைதான். கோடையில் வேலை இல்லாத மாதங்களில் காயலுக்குப் போய் வலை போட்டார்கள், பிறகு அதுவே பிழைப்பாகிவிட்டது. கல்யாணமாகி வந்த மறுவாரமே அக்கா ஆற்றில் இறங்கினாள். ஆற்றோரம் முழுக்கத் தொடை வரைக்கும் சேறு. வள்ளம் கரைக்கு வராது, முப்பதடி தள்ளியே தரை தட்டி நின்றுவிடும். பெண்கள் சேற்றில் இறங்கிப் போய், இறால் கூடையையும் மடவை மீன் கூடையையும் வாங்கித் தலையில் வைத்துக் கொண்டு கரையேற வேண்டும். இருபத்தைந்து வருஷம் அப்படித்தான் சுமந்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சேற்றுக்குள் கிடந்த மட்டி ஓடு ஒன்று அவளுடைய இடது காலைக் கிழித்தது. மஞ்சளை வைத்துக் கட்டிக் கொண்டு மறுநாளும் இறங்கினாள். உடம்பில் சர்க்கரை இருப்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. தஞ்சாவூரில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது இரண்டு விரலை எடுத்தார்கள். “இனிமே சேத்துல கால வச்சீங்கன்னா பாதத்தையே எடுக்க வேண்டி வரும்மா” என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து கூடையை வேறு பெண்கள்தான் தூக்கி வந்து கொடுத்தார்கள். அவர்களுக்கும் அவரவர் வீட்டுக் கூடை இருக்கும். அதை முடித்துவிட்டுத்தான் இவளுடையதைத் தொடுவார்கள். அதற்குள் மீன் வாங்கிப் போகும் ஐஸ் வண்டிக்காரர் ஜாஃபர் சாதிக் வண்டியை எடுத்திருப்பார். வெயில் ஏறிய இறாலை யார் வாங்குவார்கள்? பொறுக்க முடியாமல் மாதத்தில் நாலு நாள் அக்கா தானே இறங்கிவிடுவாள். திரும்பி வந்து காலைக் கழுவிக் கழுவிப் பார்ப்பாள். அந்தப் பாதம் போகாமல் இருக்க வேண்டுமானால் சேற்றில் இறங்காமல் வள்ளத்தை எட்ட அவளுக்கு ஒரு வழி வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

முதல் மனுவை மகள் எழில்மொழி எழுதிக் கொடுத்தாள். “எங்கள் ஊருக்குப் படித்துறை வேண்டும்.” ஓர் அலுவலகத்தில் அதை வாங்கிப் படித்தவர், படித்துறை என்றால் ஜனங்கள் குளிக்கிற ஆற்றுக்குத்தான், உங்கள் ஊரில் உப்புத் தண்ணீர், அது எங்கள் பொறுப்பில் வராது என்றார். இரண்டாவது மனுவில் “மீன் இறங்குதளம்” என்று எழுதினார்கள். அந்த அலுவலகத்தில், ஐம்பது இன்ஜின் படகு இருந்தால்தான் இறங்குதளம், உங்களிடம் இருப்பது துடுப்பு வள்ளம் பதினெட்டு என்றார்கள். அங்கே நின்ற புண்ணியவான் ஒருவர்தான் “படகுத்துறைன்னு எழுதும்மா. அலையாத்திக் காட்டைச் சுத்திப் பாக்க டூரிஸ்ட் வர்றாங்கன்னு ஒரு வரி சேத்துக்க” என்று காதில் போட்டார். மூன்றாவது மனு நகர்ந்தது. தேவை ஒன்றேதான். பெயரை மாற்றி மாற்றி எழுதினால்தான் இவர்கள் காதில் விழும். அதற்குள் நாலு வருஷம் ஓடிவிட்டது.

அளக்க வந்தார்கள். எப்போது வந்தார்கள் என்று கேளுங்கள். கார்த்திகையில், வெள்ளத்தில் வந்தார்கள். வெள்ளச் சேதம் பார்க்க வந்த ஜீப்பிலேயே அளக்கிறவரையும் ஏற்றிக் கொண்டு வந்துவிட்டார்கள், ஒரே அலைச்சலாகப் போகட்டும் என்று. அவர் குடையைப் பிடித்துக் கொண்டு கரையில் நின்று, “இங்க தண்ணி எதுவரைக்கும்மா வரும்?” என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா கரையில் நின்ற பூவரச மரத்தைக் காட்டினாள். அதன் அடியில் பழைய வெள்ளத்தின் கறை இருந்தது. அதற்கும் ஒரு சாண் மேலே விரலை வைத்து, “இதுவரைக்கும் வருங்க” என்றாள்.

எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஜீப்பில் வந்து தண்ணீரைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் குறைத்துக் காட்டினால் நிவாரணம் கிடையாது. ஒரு சாண் கூட்டித்தான் காட்ட வேண்டும், அவர்கள் ஒரு முழம் குறைத்துத்தான் எழுதுவார்கள். அக்காவும் அப்படித்தான் காட்டினாள். அந்த மனுஷனோ வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறைக்காமல் எழுதிக் கொண்டு போய்விட்டார்.

நாங்கள் தை மாதம் வேலைக்குப் போனோம். கரையிலிருந்து நாற்பத்தைந்தடி நீளத்துக்கு, தண்ணீர் ஆழம் இருக்கும் இடம் வரைக்கும் துறை. வரைபடத்தில் ‘பைல்’ என்று இருப்பதைச் செல்லதுரை கம்பம் என்பார், அக்கா கால் என்பாள். தினமும் மதியம் வந்து கரையில் உட்கார்ந்து எண்ணுவாள்.

“இன்னிக்கு எத்தன காலு தம்பி?”

“ரெண்டுக்கா.”

“என் ஒத்தக் காலக் காப்பாத்த இத்தன காலா! நட்டுவிடுங்க, நட்டுவிடுங்க.”

அப்போது ஆற்றில் இன்னும் தண்ணீர் இருந்தது. அதனால் உயரம் யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், காவிரிக் கரை. அங்கே படித்துறையில் ஆடியில் மேல்படியில் தண்ணீர் நிற்கும், தையில் கீழ்ப்படிக்குப் போகும். தண்ணீர் எங்கே போனாலும் கூடவே போவதற்கு ஒரு படி இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்த நான், எட்டடி உயரத்தில் மொட்டையாக ஒரு பலகை போல நிற்கிற வரைபடத்தைப் பார்த்தும், கம்பி அளவை மட்டும் கேட்டுக் கொண்டு வேலையைப் பார்த்தேன்.

சித்திரையில் மேல்தளம் போட்டு, அடியில் தாங்கிய முட்டுகளைப் பிரித்தோம். மறுநாள் காலை செல்லதுரை வள்ளத்தை நேராகத் துறையின் ஆற்றுப்பக்க முனையான தலைப்புக்குக் கொண்டு வந்தார். ஊரே மேலே நின்றது. அக்கா புதுச் சேலை கட்டி முன்னால் நின்றாள். வள்ளத்தில் எழுந்து நின்ற செல்லதுரை கையை மேலே தூக்கினார். கை தளத்தின் அடிப்பக்கத்தைக்கூடத் தொடவில்லை. துடுப்பைத் தூக்கிக் காட்டினார். துடுப்பின் நுனியை அக்கா குனிந்து தொட்டாள்.

ஜாஃபர் சாதிக் மேலிருந்து கத்தினார்: “யோவ் செல்லதொர, சும்மா நிக்காம பறந்து வாய்யா! ஊருக்குப் படகு ஜெட்டி வந்துருச்சு, அடுத்து ஏர்போட்டுதான்!”

“நீ எறங்கி வா பாய், ஒன்னத் தூக்கிக் கூடையில போட்டு அனுப்புறேன்” என்றார் செல்லதுரை கீழிருந்து.

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கயிறு கொண்டு வரச் சொன்னாள். கூடையைக் கயிற்றில் கட்டி இழுத்தோம். பாதி வழியில் கூடை ஒரு காலில் மோதிக் கவிழ்ந்தது. உயிரோடிருந்த இறால் அத்தனையும் ஆற்றுக்கே திரும்பிப் போனது. செல்லதுரை வள்ளத்தைத் தள்ளிக் கொண்டு பழைய இடத்துக்கே, சேற்றோரத்துக்கே போனார்.

எங்கள் சைட் இன்ஜினீயர் செந்தில்குமார் திருப்பனந்தாள்காரர், முப்பது வயதுகூட இருக்காது. அக்கா நேராக அவரிடம் போனாள்.

“சார், எறங்குறதுக்குப் படி எங்க?”

“டிராயிங்ல படி இல்லம்மா.”

“டிராயிங்ல இல்லன்னா? வள்ளம் என்ன டிராயிங்லயா வருது?”

“நீங்கதானம்மா தண்ணி மட்டம் காட்டுனீங்க? ஃபைல்ல உங்க பேரே இருக்கு. மரத்துல கைய வச்சுக் காட்டுனதா எழுதியிருக்கு.”

அக்காவின் முகம் செத்துவிட்டது. ஒரு நிமிஷம்தான். பிறகு அவள் போட்ட சத்தம் அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

“ஆமாய்யா, காட்டுனேன்! வெள்ளம் எதுவரைக்கும் வரும்னு கேட்டாரு, காட்டுனேன். கோடையில எதுவரைக்கும் எறங்கும்னு ஒரு வார்த்த கேட்டாரா? வருஷத்துல பத்து நாளு வர்ற வெள்ளத்துக்குத் தொறை கட்டுவாரு, மிச்ச நாளெல்லாம் நான் காத்துலயா நடக்கணும்? படிச்சவன் கேக்க மாட்டான், படிக்காதவ சொல்லணும். சொன்னா, ஒன்ன யாரு கேட்டான்னு கேப்பான்!”

செந்தில்குமார் தரையைப் பார்த்தார். நானும்தான்.

பத்து நாள் கழித்து மேலதிகாரி ஒருவர் காரில் வந்தார். துறையின் நீள அகலத்தை நடந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். ஒரு தாளை எடுத்து, மனு கொடுத்தவர் என்ற முறையில் அக்காவைக் கையெழுத்துப் போடச் சொன்னார். வேலை திருப்தியாக முடிந்தது என்று அதில் அச்சடித்திருந்தது. அது இருந்தால்தான் ஃபைலை மூட முடியுமாம்.

“போடுறேங்க” என்றாள் அக்கா. “அதுக்கு முன்னால கீழ வள்ளம் நிக்குது பாருங்க. அதுல நீங்க எறங்கிட்டு ஏறி வந்துருங்க. போடுறேன்.”

“விளையாடாதம்மா. எனக்கு இன்னும் மூணு ஊர் இருக்கு.”

“எனக்கு இந்த ஒரு ஊருதாங்க இருக்கு.”

அதிகாரி செந்தில்குமாரைப் பார்த்தார். செந்தில்குமார் மூங்கில் ஏணி ஒன்றைக் கொண்டு வரச் சொல்லி, தலைப்பிலிருந்து கீழே விட்டு, காலணியைக் கழற்றிவிட்டு இறங்கினார். நாலாவது குறுக்குக் கட்டையில் கால் வைத்ததும் ஏணியின் இரண்டு காலும் சேற்றுக்குள் இறங்கத் தொடங்கின. மனுஷன் ஒரு கையால் தளத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினார். ஏணி பக்கவாட்டில் சாய்ந்தது. பொத்தென்று விழுந்தார். இடுப்பளவு தண்ணீர், அதற்குக் கீழே முழங்கால் வரை சேறு. செல்லதுரைதான் கக்கத்தில் கைகொடுத்து வள்ளத்தில் தூக்கிப் போட்டார். முழங்காலில் சிராய்ப்பு, ரத்தம்.

“மட்டி ஓடா பாருங்க சார்” என்று அக்கா மேலிருந்து சொன்னாள். “வீட்டுக்குப் போயி சுடுதண்ணியில நல்லாக் கழுவுங்க. சுகர் இருக்கான்னும் பாத்துக்கங்க.” அவள் கேலி செய்யவில்லை. அதனால்தான் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதிகாரி தாளை நீட்டிக் கொண்டே நின்றார். அக்கா பேனாவை வாங்கினாள். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘படி இல்லை’ என்று எழுதி, அதற்குக் கீழே தன் பெயரைப் போட்டுக் கொடுத்தாள்.

“இனிமே இந்த ஊருக்கு ஒண்ணும் வராது. எழுதி வச்சுக்க” என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார்.

அன்று ஊருக்கும் அவள் ஆகாதவளாகிப் போனாள். கரையிலேயே ஒருத்தி ஆரம்பித்தாள்: “இவ ஒருத்திக்காக ஊருக்கு வந்ததும் போச்சு. நாங்கல்லாம் சேத்துலதான் எறங்குறோம், இவ காலு மட்டும் என்ன தங்கமா?”

“ஒன் காலு இன்னிக்கு நல்லாருக்கு, அதான் இப்படிப் பேசுற” என்றாள் அக்கா. “எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.”

அந்த வாரத்தோடு எங்கள் வேலை முடிந்தது. திங்கட்கிழமை லாரி வந்து பலகை, முட்டு, கலவை மிஷின் எல்லாவற்றையும் ஏற்றிப் போக வேண்டும். சனிக்கிழமை காலையில் அக்கா மறுபடியும் சேற்றில் நின்றாள். உரம் வந்த பிளாஸ்டிக் பையைக் காலில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிக் கொண்டு கூடையை வாங்கினாள். கரையேறும்போது ஒரு பையைச் சேறு பிடுங்கிக் கொண்டது. வெறுங்காலோடு ஏறி வந்தாள். கூட்டிக் கழித்துப் பார்த்தால், நான் கட்டிய துறையின் நிழலில்தான் அவள் சேற்றை மிதித்தாள்.

செந்தில்குமாரிடம் போனேன். “சார், ஓரத்துல டெஸ்டுக்குன்னு போட்ட பைல் ஒண்ணு சும்மா நிக்குது” என்றேன். வேலை தொடங்கும்போது பாரம் தாங்குமா என்று சோதிப்பதற்காகத் துறையின் தலைப்பை ஒட்டி ஒரு கால் தனியாகப் போட்டிருந்தோம். சோதனை முடிந்து, ஆறு இறங்கிய பிறகு அதைத் தண்ணீருக்கு ஓரடி மேலே வெட்டி விட்டாயிற்று. அதன்மேல் எதுவும் இல்லை. “படிக்குக் கீழ்த்தட்ட அதுமேல உக்கார வச்சு, மேல பீம்ல துளை போட்டுக் கம்பி நட்டா, பத்துப் படி வரும் சார். வெட்டுக் கம்பி கெடக்கு. சிமெண்டு ஏழு மூட்டை கெடக்கு.”

அவர் முழங்காலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவிக் கொண்டு நின்றார். “டிராயிங் இல்லாம ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாதுண்ணே. எனக்கு வேல போயிரும்.”

“சரி சார்” என்று திரும்பினேன்.

“நில்லுங்கண்ணே. நான் இப்ப ஊருக்குப் போறேன். திங்கக்கிழமை வருவேன். நான் இல்லாதப்ப நடந்தது எனக்குத் தெரியாது.” நாலடி போய்விட்டுத் திரும்பி வந்தார். “படி உயரம் அரையடிக்கு மேல வேணாம். கூடையோட ஏறணும். அரையடின்னா பத்து பத்தாது, பதினஞ்சாப் போடுங்க. மொதல் கம்பிக்கு பீமோட அடிக்கம்பியில தட்டாமத் துளை போடுங்க.”

சனிக்கிழமை மதியத்திலிருந்து துளை போட்டோம், பலகை அடைத்தோம், கம்பி கட்டினோம். ஞாயிற்றுக்கிழமை கலவை. கலவைச் சட்டி கைமாற்ற நாங்கள் நாலு பேர் போதவில்லை. அக்கா மேலே நின்று சட்டி வாங்கினாள். கொஞ்ச நேரத்தில், இவ காலு மட்டும் என்ன தங்கமா என்று பேசியவள் வந்து அக்காவுக்குப் பின்னால் வரிசையில் நின்று கொண்டாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். ஜாஃபர் சாதிக் ஐஸ் வண்டியில் மணல் ஏற்றி வந்தார். “மீன் நாத்தம் அடிக்கிற படி ஒலகத்துலயே இதுதான்யா” என்றார்.

திங்கட்கிழமை செந்தில்குமார் வந்து பார்த்தார். படிக்கு அடியில் நின்ற முட்டுகளை மட்டும் லாரியில் ஏற்ற வேண்டாம் என்றார். பதினைந்து நாள் கழித்து நானே வந்து பிரித்துக் கொண்டு போகச் சொன்னார்.

பதினைந்தாவது நாள் போனேன். முட்டைப் பிரித்தேன். படி ஆடவில்லை, அசையவில்லை. செல்லதுரை வள்ளத்தைக் கீழ்த்தட்டில் அணைத்தார். அக்கா பதினைந்து படியும் இறங்கிப் போய்க் கூடையை வாங்கி இடுப்பில் வைத்துக் கொண்டு ஏறி வந்தாள். அவள் காலில் சேறு இல்லை. ஐஸ் வண்டி கிளம்புவதற்கு இன்னும் அரை மணி இருந்தது.

அப்போதுதான் பைக்கில் ஓர் ஆள் வந்து அக்காவிடம் ஒரு தாளைக் கொடுத்தார். வரைபடத்தில் இல்லாத கட்டுமானம், பொதுச் சொத்துக்குச் சேதம், பதினைந்து நாளில் அகற்றிவிட வேண்டும், தவறினால் இலாகாவே ஆள் வைத்து இடிக்கும் என்று அதில் இருந்தது. எட்டடி உயரத்தில் துறை கட்டியவனுக்கு ஒரு தாள் போகவில்லை. ஏறி இறங்கப் படி வைத்தவளுக்கு அரை மாதத்தில் வந்துவிட்டது. தாளை அவள் கையிலிருந்து வாங்கிக் கிழித்து ஆற்றில் போடப் போனேன்.

“குடு இங்க” என்று அக்கா என்னிடமிருந்து அதைப் பிடுங்கினாள். முழுவதையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். மடித்து இடுப்பில் செருகினாள். படியிறங்கிப் போய் ஆறாவது படியில், போகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக உட்கார்ந்து கொண்டாள்.

“இதக் கொண்டாந்து குடுத்தியே, நல்லாருப்ப” என்றாள் பைக் ஆளைப் பார்த்து. “ஒங்க ஆபீசுல சொல்லு. இத மேல நின்னு இடிக்க முடியாது, கீழ சேத்துல எறங்கி நின்னுதான் இடிக்கணும். இடிக்க வர்றவன செருப்பக் கழட்டிட்டு வரச் சொல்லு. நான் இங்கயேதான் இருக்கேன்.”

அந்த ஆள் எட்டிக் கீழே பார்த்தார். நீர் வடியும் வற்றத்தில் ஆறு இன்னும் இறங்கியிருந்தது. கறுத்த சேறு, அதில் அங்கங்கே வெள்ளையாக மட்டி ஓடுகள். அவர் பைக்கை உதைத்தார்.

“அம்சம், அடுத்த கூட” என்று கீழிருந்து செல்லதுரை கூப்பிட்டார். அவள் எழுந்து இறங்கினாள்.